ரெவிட்: திரையில் தெரியும் துல்லியத்தை எவ்வளவு நம்பலாம்?

கட்டடத்தை அதன் விவரங்களோடு கணினியில் முப்பரிமாண மாதிரியாக உருவாக்கும் பிம் எனப்படும் கட்டடத் தகவல் மாதிரி முறைக்கு மாற நினைக்கும் அலுவலகங்கள் பெரும்பாலும் முதலில் பரிசீலிப்பது, 2002 முதல் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் கையில் இருக்கும் ரெவிட் மென்பொருளைத்தான். மாதிரியில் ஒரு கதவை நகர்த்தினால் தளவரைபடம், வெட்டுத்தோற்றம், கதவுப் பட்டியல் எல்லாம் தாமாகவே திருந்திவிடுகின்றன. இதற்காகக் கிடைக்கும் பாராட்டு நியாயமானதே. ஆனால் இன்னும் முடிவாகாத விவரத்தையும் முடிவானதுபோலக் காட்டிவிடுவதுதான் இதை ஏற்பதில் உள்ள முதல் அபாயம் என்பேன்.

கையால் வரைந்த தோராயக் கோடு தோராயமாகவே தெரியும். இங்கே ஒரு சுவரை வைப்பதற்கே அதன் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பதால், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்ட தடிமன் யாரும் கவனிக்காமலேயே அளவுப் பட்டியல்வரை போய்ச் சேர்ந்துவிடும். செங்கல் சுவருக்குள் நிற்கும் தூணைச் சுவரோடு இணைக்காமல் விட்டால், தூண் அடைக்கும் இடமும் சுவரின் கன அளவில் சேர்ந்துகொள்ளும். அந்தப் பட்டியலை நம்பிக் கொள்முதல் செய்பவருக்குத் திரையில் எந்தக் குறையும் தெரியாது.

மோதல் சோதனையும் இப்படித்தான். குழாயும் உத்தரமும் ஒன்றையொன்று வெட்டினால் மென்பொருள் சொல்லிவிடும். குழாயைத் தாங்கும் கம்பியையும் அதைச் சுற்றும் காப்புறையையும் யாரும் மாதிரியில் வரையவில்லை என்றால், அறிக்கை மோதலே இல்லை என்று சொன்ன பிறகும், வால்வைத் திருகக் கை நுழைய இடமில்லாத நிலை களத்தில் வரும். ஆகவே எந்தக் கட்டத்தில் எவ்வளவு விவரம் நம்பத்தக்கது என்பதை மாதிரியின் விவர அளவைக் குறிக்கும் எல்ஓடி 300, 350 என்ற நிலைகளாக ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது அவசியம். தாங்கிகளும் இணைப்புகளும் 350-இல்தான் இடம்பெறுகின்றன. மாதிரியும் வரைபடமும் முரண்பட்டால் எது செல்லும் என்பதும் அங்கேயே எழுதப்பட வேண்டும்.

ரெவிட்டுக்கே உரிய பெரிய சிக்கல் பதிப்பு. 2025 பதிப்பில் சேமித்த கோப்பை 2024 பதிப்பில் திறக்க முடியாது, பழைய பதிப்புக்காகச் சேமிக்கும் வசதியும் இல்லை. பல ஆண்டுகள் நீளும் திட்டத்தில் ஒருவர் மட்டும் அவசரப்பட்டுப் புதுப்பித்தால் கட்டமைப்புப் பொறியாளர் முதல் துணை ஒப்பந்ததாரர் வரை அனைவரும் பின்தொடர வேண்டியதாகிறது. வெவ்வேறு மென்பொருள்களும் படிக்கக்கூடிய பொது வடிவமான, ஐஎஸ்ஓ 16739 தரத்தில் வரும் ஐஎஃப்சி கோப்பாக மாற்றிக் கொடுக்கலாம் என்பார்கள். வடிவமும் பண்புகளும் பெருமளவு வந்து சேரும், ஆனால் ஒன்றை மாற்றினால் மற்றது மாறும் அந்தத் தொடர்பு பெரும்பாலும் வழியிலேயே அறுந்துவிடும்.

பயிற்சிக்கும் திறன்மிக்க கணினிகளுக்கும் ஆகும் செலவை முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம் என்பதால் அவற்றைப் பெரிய அபாயமாக நான் கருதவில்லை. குழாய்களும் காற்றுக்குழாய்களும் நெருங்கி ஓடும் மருத்துவமனை போன்ற கட்டடங்களுக்கு ரெவிட்டைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். குழுவில் பாதிப்பேர் இன்னும் இருபரிமாண வரைபடத்திலேயே திருத்தம் செய்கிறார்கள் என்றால் பரிந்துரைக்க மாட்டேன். கடைசி நேரத் திருத்தங்கள் வரைபடத்தில் மட்டும் ஏறி, மாதிரி பழைய கட்டடத்தையே காட்டிக்கொண்டிருக்கும்.