மழைக்காலத்தில் மோரிஸ் மைனரை நிறுத்தி வைப்பது: பினாங்கில் எது எடுபட்டது, எது வீண்

பழைய கார் வைத்திருப்பவர்கள் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதும் 'குளிர்காலப் பராமரிப்பு' குறிப்புகளை ஒரு தடவையாவது படித்திருப்பீர்கள். டேங்க்கை நிரப்பு, பேட்டரிக்குச் சார்ஜர் மாட்டு, உறை போட்டு மூடு, பனி போனதும் எடு. நமக்குப் பனி கிடையாது, சாலையில் உப்புத் தூவுவதும் கிடையாது. ஆனால் வண்டியை மாதக்கணக்கில் ஓட்டாமல் போட வேண்டிய நிலைமை நமக்கும் வரும். எனக்கு வருஷா வருஷம் வருகிறது. வேலை கோலாலம்பூரில், வண்டி ஆயர் ஈத்தாமில் மாமா வீட்டுப் போர்ச்சில். பினாங்கில் மழை கொட்டுவதே செப்டம்பர், அக்டோபரில்தான், அதுவும் மலையடிவாரம் என்றால் சொல்லவே வேண்டாம். அதனால் ஆகஸ்ட் கடைசியில் நிறுத்தினால் டிசம்பரில்தான் எடுப்பேன்.

வண்டி 1098 சிசி மோரிஸ் மைனர், பழைய பிரிட்டிஷ் கார், நாலு கதவு. எஸ்.யூ. கார்புரேட்டர், பேட்டரியைச் சார்ஜ் செய்ய டைனமோ, நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், எல்லாம் பழையபடியே இருக்கிறது. அந்தக் குறிப்புகளைப் பல வருஷமாகச் செய்து பார்த்ததில் பாதி இங்கேயும் எடுபடுகிறது, மீதி காசுக்கும் கேடு வண்டிக்கும் கேடு.

முதலில் உறை. இணையத்தில் வாங்கிய தண்ணீர் புகாத உறை ஒன்றை ஒரு மழைக்காலம் முழுக்கப் போட்டு வைத்திருந்தேன். மழைத் தண்ணீர் உள்ளே போகவில்லை, உண்மைதான். உள்ளே இருந்த ஈரமும் வெளியே போகவில்லை. விடியற்காலையில் தூக்கிப் பார்த்தால் உட்புறம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர், பானெட்டில் பெயிண்ட் பொரிந்து சின்னச் சின்னக் கொப்புளம். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பு வேகமாகத் துருப்பிடிக்க ஆரம்பிக்கும், இங்கே சாதாரண நாளிலேயே 80 சதவீதம் இருக்கும். கூரை இருந்தால் உறையே வேண்டாம் என்பேன். தூசிக்குப் பயந்தால் பழைய பருத்திப் போர்வை போதும். கண்ணாடிகளை இரண்டு விரல் இறக்கி, இடைவெளியில் கொசுவலைத் துணியை வைத்து டேப் ஒட்டிவிடுகிறேன். சீட்டில் பூஞ்சை படிவது அதிலேயே பெருமளவு குறைந்துவிட்டது.

அலமாரிக்குள் வைக்கும் ஈரம் உறிஞ்சும் டப்பா நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் கவனம். உள்ளே இருக்கும் வெள்ளைக் குருணை கால்சியம் குளோரைடு, அது ஈரத்தை இழுத்து இழுத்துத் தண்ணீராகச் சேரும். அந்தத் தண்ணீர் தரைத் தகட்டில் சிந்தினால் லேசில் காயாது, தகட்டை அரித்துவிடும். டப்பாவைப் பிளாஸ்டிக் பேசினுக்குள் வைத்து, வண்டியை நகர்த்துவதற்கு முன்னால் மறக்காமல் எடுத்துவிட வேண்டும்.

கொடுத்த காசுக்கு அதிகம் உழைத்தது பேட்டரி சார்ஜர்தான். நான் சொல்வது நிரம்பியதும் தானே குறைத்துக்கொண்டு 13 வோல்ட்டுக்குச் சற்று மேலே பிடித்து வைக்கும் வகை, சாதாரண சார்ஜர் இல்லை. குளிர்தான் பேட்டரிக்கு எமன் என்று நினைக்கிறோம். சும்மா கிடக்கும் பேட்டரியைப் பொறுத்தவரை கதை வேறு. வெப்பம் 10 டிகிரி ஏறினால் அது தானாக இறங்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், ஐரோப்பாவில் ஜனவரி மாதக் கொட்டகையில் கிடக்கும் பேட்டரியைவிட நம் போர்ச்சில் கிடப்பது பல மடங்கு சீக்கிரம் சாகும். நிரம்பிய பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும், 12.4க்குக் கீழே விட்டு வைத்தால் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டிப்படும், அப்புறம் மீளாது. இந்தச் சார்ஜர் வந்த பிறகு ஒரே பேட்டரிதான் இன்னமும் ஓடுகிறது.

இதில் இரண்டு விஷயம். ஒன்று, மைனர் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். கறுப்புக் கிளிப்பை வண்டி பாடியில் மாட்டு என்று சார்ஜர் அட்டையில் போட்டிருக்கும், நம் வண்டியில் பாடிதான் பிளஸ். பாடியை மறந்துவிட்டு, பேட்டரி முனைகளிலேயே பிளஸ் மைனஸ் குறி பார்த்து மாட்டுங்கள். டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டவர்கள் பெரும்பாலும் நெகட்டிவுக்கு மாற்றியிருப்பார்கள், எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இரண்டாவது, இடி. சாயங்காலம் இடி இடித்தால் மாமா வீட்டில் எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிடுவார், அதில் தப்பில்லை, மறுநாள் மாட்டத்தான் மறந்துபோகும். "ஏன் தம்பி, ஓடாத காடிக்கு எதுக்குடா கரண்ட்டு?" என்று கேள்வி வேறு. கரண்ட் வந்ததும் பட்டன் தட்டாமல் தானே தொடரும் சார்ஜராகப் பார்த்து வாங்குங்கள், சிலது தொடராது.

பெட்ரோல் கெடாமல் இருக்கக் கலக்கும் ஸ்டெபிலைசர்? மூன்று நாலு மாதத்துக்கு எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஆறு மாதத்துக்கு மேல் நிறுத்துவதென்றால் ஊற்றலாம். டேங்க்கை நிரப்புவது நல்லது, காற்று குறைந்தால் உள்ளே ஈரம் படிவதும் குறையும், ஆனால் கழுத்து வரை வேண்டாம், மத்தியான வெயிலில் பெட்ரோல் விரியும்.

சைலன்சர் வாயில் இரும்பு நார் அடைக்கச் சொல்வார்கள், எலிக்காக. இங்கே அது துருப்பிடித்துக் குழம்பாகிவிடும். கம்பி வலையைச் சுருட்டி வைத்தால் எலியும் போகாது, குளவியும் மண்கூடு கட்டாது. நமக்கு எலியைவிடக் குளவித் தொல்லைதான் அதிகம்.

அடுத்தது கூலண்ட், ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் திரவம். உறையாத ஊரில் எதற்கு என்று பலர் பைப் தண்ணீரோடு விட்டுவிடுகிறார்கள். கூலண்ட்டில் இருக்கும் துருத் தடுப்பு மருந்துதான் நமக்கு முக்கியம், உறையாமல் காப்பது கூட வருகிற இலவசம்.

வாரம் ஒருமுறை அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் செய்து விடுவது நம் ஊர் வழக்கம். தயவுசெய்து வேண்டாம். எரியும் பெட்ரோலிலிருந்து வரும் நீராவி சூடேறாத சைலன்சரிலும் எஞ்சினுக்குள்ளும் தண்ணீராகத் தங்கிவிடும். எண்ணெய் மூடியைத் திறந்து பாருங்கள், உட்புறம் தே தாரேக் (இழுத்து ஆற்றிய பால் டீ) நுரை மாதிரி அப்பியிருக்கும். அரை மணி நேரம் ஓட்ட முடிந்தால் எடுங்கள், இல்லையென்றால் தொடாமல் விடுங்கள்.

ஹேண்ட்பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை வைப்பதும் (போட்டு வைத்தால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும்), டயரில் அதன் மேல் எழுதியிருக்கும் உச்ச அளவுக்குள் காற்றை ஏற்றி வைப்பதும் எந்த ஊருக்கும் பொருந்தும். மைனர்காரர்களுக்கு இன்னொன்று: முன் சக்கரம் திரும்புவதற்கு இருக்கும் திருகு மூட்டான டிரன்னியனுக்கு நிறுத்தும் முன்பே கிரீஸ் அடியுங்கள், பழைய கிரீஸோடு தண்ணீரும் பிதுங்கி வெளியே வரும். அது தேய்ந்து கழன்றால் சக்கரம் மடங்கி வண்டி நடுரோட்டில் உட்கார்ந்துவிடும்.

டிசம்பரில் எடுக்கும்போது சாவி போடாமல் முதலில் முன்பக்கம் செருகும் ஸ்டார்ட்டிங் கைப்பிடியால் எஞ்சினைச் சில சுற்று சுற்றுவேன். அப்புறம் சாவி. பெட்ரோல் பம்ப் டிக் டிக்கென்று அடித்து, கார்புரேட்டர் நிரம்பியதும் நிற்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் பம்ப்புக்குள் கரண்ட்டை விட்டு விட்டுத் தரும் பாயிண்ட் கறுத்திருக்கும், ஸ்குரூடிரைவர் பிடியால் பம்ப்பை லேசாகத் தட்டினால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். விடாமல் அடித்துக்கொண்டே இருந்தால் டேங்க்கில் பெட்ரோல் இல்லை, அல்லது எங்கேயோ ஒழுகுகிறது, ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

கடைசியாக பிரேக் எண்ணெய். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 தர பிரேக் எண்ணெய் புதிதில் 230 டிகிரி வரையாவது கொதிக்காது, ஈரம் ஏறினால் 155க்கே கொதிக்கலாம். ஆயர் ஈத்தாமிலிருந்து பாயா தெருபோங் வழியாக மலை ஏறி பாலிக் பூலாவ் இறங்குகிற ரோடு டிரம் பிரேக்குக்கு லேசானது இல்லை. அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்றுகிறேன். மைனரில் பிரேக் எண்ணெய் ஊற்றும் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநர் காலடியில் தரைக்குக் கீழே இருக்கிறது, கம்பளத்தைத் தூக்கினால்தான் மூடி தெரியும், அதனாலேயே பல வொர்க்ஷாப்பில் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். நீங்களே திறந்து காட்டுங்கள். எண்ணெய் புது பாட்டிலாக வாங்குங்கள், போன வருஷம் திறந்து வைத்த மிச்சம் வேண்டாம்.