"இலவச சமநிலைப் பரிசோதனை" என்று கூப்பிட்டால் நின்று யோசியுங்கள்: முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

முழங்கால் தேய்மானத்தோடு அம்மாவோ அப்பாவோ வீட்டில் இருந்தால், இதைப் படித்துவிட்டு அவர்களிடமும் சொல்லுங்கள். சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் 67 வயது அக்கா ஒருவர் 2,380 வெள்ளி கொடுத்து, காலணிக்குள் வைக்கும் "காந்த" அட்டையும் 20 சிகிச்சை அமர்வுகளும் வாங்கி ஏமாந்திருக்கிறார். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறோம். பணம் போனதைவிட, அந்த நான்கு மாதத்தில் அவருடைய தள்ளாட்டம் கூடிவிட்டதுதான் பெரிய வருத்தம்.

கடைத்தொகுதியில் ஒரு மேசை, இலவசப் பரிசோதனை என்று பதாகை, வெள்ளைக் கோட்டுப் போட்ட விற்பனையாளர். அக்காவை நிற்க வைத்து, ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி, அந்தக் கையை இரண்டு விரலால் அழுத்தினார். அக்கா சாய்ந்துவிட்டார். பிறகு காலணிக்குள் "காந்த" அட்டையை வைத்து மறுபடி அழுத்தினார். அக்கா அசையவில்லை. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்களாம்.

இந்தக் கைவேலையைப் புரிந்துகொள்ளுங்கள். முதல் தடவை விசை உடம்பைவிட்டு வெளிப்பக்கமாகப் போகும்படி அழுத்துவார்கள். யாராக இருந்தாலும் சாய்வார். இரண்டாம் தடவை அதே கையைச் சற்று உடம்புப் பக்கமாக அழுத்தினால் விசை பாதத்துக்கு நேராக இறங்கிவிடும். தள்ளப்போகிறார் என்று தெரிந்ததும் தசைகளும் முன்கூட்டியே இறுகிக்கொள்ளும். அட்டைக்கு இதில் வேலையே இல்லை. இதே வித்தையைக் காட்டி உலகெங்கும் விற்ற "பவர் பேலன்ஸ்" கைவளையத்துக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று அதன் ஆஸ்திரேலிய நிறுவனமே 2010இல் ஒப்புக்கொண்டது. சந்தேகம் இருந்தால், அட்டை உள்ளே இருக்கிறதா இல்லையா என்பது விற்பனையாளருக்குத் தெரியாதபடி நீங்களே வைத்து, ஐந்தாறு தடவை அழுத்தச் சொல்லுங்கள்.

உண்மையான பரிசோதனைக்கு ஒரு நாற்காலியும் கடிகாரமும் போதும். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து உண்டு. ஒரு பாதத்தின் குதிகாலை மற்றதன் விரல் நுனியில் ஒட்டி வைத்து 10 விநாடி நிற்க முடியாவிட்டாலும் அப்படியே. செய்யும்போது கைக்கெட்டும் தூரத்தில் ஒருவர் நிற்க வேண்டும். கடந்த ஒரு வருடத்தில் விழுந்தீர்களா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றும் கேட்க வேண்டும். அக்காவிடம் இவற்றில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. அவருக்குப் பத்து வருட நீரிழிவு. பாதத்தில் உணர்ச்சி மங்கியிருந்தால் தள்ளாட்டத்தின் பாதிக் காரணம் அங்கேயே இருக்கலாம். எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் இறங்குவது, தூக்க மாத்திரை, கண் புரை என்று வேறு காரணங்களும் உண்டு.

முழங்கால் தேய்ந்தால் ஏன் தள்ளாடுகிறது? மூட்டுக்குள் கொஞ்சம் நீர் கோத்தாலே தொடையின் முன்தசைக்குப் போகும் நரம்புக் கட்டளை குறைந்துவிடுகிறது. மனிதர் எவ்வளவு முயன்றாலும் அந்தத் தசை முழுசாக இறுகாது. படி இறங்கும்போது முழங்கால் "மடிந்துபோகிறது" என்பார்களே, அதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூட்டு அனுப்பும் சேதியும் மங்குகிறது. வலிக்குப் பயந்து எடையை மற்றக் காலில் போட்டுப் போட்டு இடுப்புத் தசையும் இளைக்கிறது. ஆக, நின்றுகொண்டு, எடை தாங்கிப் பழகினால்தான் இது திரும்பும்.

அக்கா வாங்கிய 20 அமர்வுகளில் நின்று செய்த பயிற்சி ஒன்றுகூட இல்லை. படுக்க வைத்துச் சூட்டு விளக்கு, அதிர்வு மெத்தை, எண்ணெய்த் தேய்ப்பு. இரண்டு மணி நேரம் இதமாக இருக்கும். தசைக்கு ஒரு பலனும் இல்லை. மெத்தென்ற தடித்த அட்டை காலடித் தரையின் உணர்வைக் குறைத்தது. வயதானவர்களின் சமநிலைக்கு மெல்லிய, உறுதியான அடிப்பாகமும் குதிகாலைப் பிடித்து நிற்கும் காலணியுமே நல்லது. முழங்கால் உறை சிலருக்கு வலியைச் சற்றுக் குறைக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் அளவெடுக்காமல் கொடுத்த இறுக்கமான உறையால் அக்காவின் கணுக்கால் வீங்கி, அவர் நடப்பதையே குறைத்துவிட்டார்.

"அன்பளிப்பாக" ஒரு கைத்தடி வேறு. வலது முழங்கால்தான் மோசம். தடியையும் வலது கையில் பிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். தடி எதிர்க் கையில் இருக்க வேண்டும், வலிக்கும் காலோடு சேர்ந்து முன்னே போக வேண்டும். காலணி போட்டு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்புக்கு நேராகப் பிடி வர வேண்டும். அடியில் உள்ள ரப்பர் தேய்ந்தால் உடனே மாற்றுங்கள். ஈரமான ஈரச்சந்தைத் தரையில் வழுக்க அது ஒன்றே போதும்.

எல்லாவற்றையும்விட எங்களைப் பயமுறுத்தியது மாத்திரை. "மூலிகை, பக்கவிளைவு இல்லை" என்று கொடுத்த கேப்சூல். மூன்றே நாளில் வலி மாயமாகிவிட்டது. ஆறு வாரத்தில் முகம் உப்பி, சர்க்கரை ஏறி, நாற்காலியிலிருந்து எழுவதே கஷ்டமாகிவிட்டது. மூட்டுவலிக்கு விற்கும் இப்படிப்பட்ட பொருள்களில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ரகசியமாகக் கலந்திருப்பதாகச் சுகாதார அறிவியல் ஆணையம் பல தடவை எச்சரித்திருக்கிறது. நீண்ட நாள் சாப்பிட்டால் அது தொடை, இடுப்புத் தசையை இளைக்க வைக்கும், எலும்பையும் பலவீனமாக்கும். விழவும் வைக்கும், விழுந்தால் முறியவும் வைக்கும். திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. டப்பாவோடு மருத்துவரிடம் போங்கள். "ஆணையம் அங்கீகரித்த சத்துப்பொருள்" என்று சொன்னால் அதுவே பொய். சத்துப்பொருளை விற்க இங்கே முன்அனுமதி தேவையில்லை, ஆணையமும் அப்படி அங்கீகாரம் கொடுப்பதில்லை. அக்காவின் கேப்சூல் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை.

சரியான வழி பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) தொடங்குகிறது. பிசியோதெரபிஸ்டுக்குப் பரிந்துரை கேளுங்கள். அவர் பெயர், பிசியோதெரபிஸ்ட் போன்றோரைப் பதிவுசெய்யும் அலைட் ஹெல்த் புரொஃபெஷன்ஸ் கவுன்சிலின் இணையப் பதிவேட்டில் இருக்க வேண்டும். வீட்டில் சமையலறை மேடையைப் பிடித்தபடி குதிகால் தூக்குதல், காலைப் பக்கவாட்டில் தூக்குதல், ஒன்றன்பின் ஒன்றாகப் பாதம் வைத்து நிற்றல். உறுதியான நாற்காலியிலிருந்து 8 முதல் 10 தடவை எழுந்து உட்காருதல். பத்துக்கு ஐந்து வரை வலித்தால் பரவாயில்லை, மறுநாளுக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். தை சி என்ற மெதுவான சீன உடற்பயிற்சியைப் பழகுவதும் நல்லது. பக்கத்தில் மூத்தோருக்காக இருக்கும் 'துடிப்பாக மூப்படைதல் நிலையத்தில்' விசாரியுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு என்றால், மூத்தோருக்கு வீட்டைப் பாதுகாப்பாக்கும் 'ஈஸ்' திட்டத்தில் குளியலறைக் கைப்பிடிக் கம்பிக்கும் வழுக்காத தரைப்பூச்சுக்கும் 95% வரை மானியம் கிடைக்கும்.

பணத்தைப் பற்றி. அழைக்காமல் வீடு தேடி வந்து விற்றால், சனி, ஞாயிறு, பொது விடுமுறை நீங்கலாக 5 நாளுக்குள் ரத்துசெய்யலாம். அக்கா கையெழுத்துப் போட்டது கடைத்தொகுதியில், அதனால் அந்த வழி அவருக்கு இல்லை. ஆனாலும் பொய்யான பலன் சொல்லி விற்பது நியாயமற்ற வணிகம். சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் புகார் கொடுத்திருக்கிறார். அதில் தீராவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம்: 20,000 வெள்ளி வரை, 2 வருடத்துக்குள் மனுப்போட வேண்டும், 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டுவது 10 வெள்ளி. ரசீது, வாட்ஸ்அப் செய்தி, துண்டுப்பிரசுரம், மாத்திரை டப்பா எதையும் தூக்கிப் போடாதீர்கள். அக்கா துண்டுப்பிரசுரத்தைப் பழைய பேப்பரோடு போட்டுவிட்டார். அதில் எழுதியிருந்த வாக்குறுதிகளை நிரூபிக்க இப்போது தவிக்கிறார்.