17(ஆ) குறிப்பாணை பற்றிய ஒருநாள் வகுப்பு: என் மதிப்பீடு

ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவர் மாநில அரசு ஊழியர்களுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்தும் ஒழுங்கு நடவடிக்கை விதிகள் வகுப்புக்கு 1,200 ரூபாய் கட்டிச் சென்றிருந்தேன். விதிப் புத்தகத்தைக் குறிப்பாணை (குற்றச்சாட்டைச் சொல்லி விளக்கம் கேட்கும் கடிதம்) கைக்கு வந்த பிறகே தேடுவது நம் அலுவலகங்களின் வழக்கம், நானும் விதிவிலக்கல்ல.

காலை அமர்வு முழுவதும் தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகளின் 17ஆம் விதிக்கே ஒதுக்கப்பட்டது. கண்டனம் போன்ற சிறு தண்டனைக்கு 17(அ)வின் கீழ் விளக்கம் பெற்றால் போதும் என்பதையும், பணிநீக்கம் வரை செல்லக்கூடிய 17(ஆ)வில் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்புடன் முறையான விசாரணை நடந்தாக வேண்டும் என்பதையும் பொறுமையாக விளக்கினார். அரசமைப்பின் 1976ஆம் ஆண்டு 42ஆவது திருத்தம், தண்டனையைப் பற்றி ஊழியரிடம் மறுபடியும் கேட்க வேண்டிய தேவையை நீக்கிவிட்டது. ஆனால் விசாரணை அறிக்கையின் நகலைக் கொடுத்து அதற்குப் பதில் பெற வேண்டும் என்று 1993இல் கருணாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே அந்தப் பதிலை அசட்டையாக எழுதக் கூடாது என்று வலியுறுத்திய அவர், மாதிரிக் குற்றச்சாட்டு ஒன்றைக் கொடுத்து எங்களை விளக்கம் எழுதவும் வைத்தார். நான் எழுதியதில் பாதி மன்னிப்பாக இருந்ததால், அது ஒப்புதலாகவே படிக்கப்படும் என்று சிவப்பு மையால் அடித்தார். கட்டணம் அந்த ஒரு மணி நேரத்திலேயே எனக்கு ஈடாகிவிட்டது.

பிற்பகல் அந்த அளவுக்கு இல்லை. குற்றவியல் வழக்கில் தண்டனை பெற்றவர், விசாரணை நடத்துவது நடைமுறையில் இயலாத சூழல், அரசின் பாதுகாப்பு ஆகிய மூன்று நிலைகளில் விசாரணையே இன்றிப் பணிநீக்கம் செய்ய, பொதுவாக விசாரணையின்றி நீக்கப்படாமல் அரசு ஊழியரைக் காக்கும் அரசமைப்பின் 311ஆவது பிரிவே இடமளிக்கிறது. 1985ஆம் ஆண்டின் துளசிராம் படேல் தீர்ப்பு அதை உறுதிசெய்தது. இவ்வளவு முக்கியமான விலக்குகள் இருபதே நிமிடங்களில் முடிக்கப்பட்டன. 2003 அரசு ஊழியர் வேலைநிறுத்தத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பணிநீக்கம் செய்யப்பட்டதை நேரில் கண்ட தலைமுறையைச் சேர்ந்தவர், அதை ஒரே வாக்கியத்தில் கடந்தது ஏமாற்றமளித்தது. 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தாலே பணியிடை நீக்கம் செய்யப்பட்டதாகக் கருதப்படும் என்பதைக்கூட ஒருவர் கேட்ட பிறகே சொன்னார்.

என் அருகில் அமர்ந்திருந்த போக்குவரத்துக் கழக ஊழியர்கள் இருவர், கழகப் பணி குடிமைப் பதவி (அரசின் கீழுள்ள நேரடிப் பதவி) அல்ல என்பதால் 311இன் பாதுகாப்பு தங்களுக்குப் பொருந்தாது என்பதை மாலை நான்கு மணிக்குத்தான் அறிந்தார்கள். விளம்பரத்திலேயே அதைத் தெரிவித்திருக்க வேண்டும். துறை ஊழியர்கள் தயங்காமல் செல்லலாம். கழக, வாரிய ஊழியர்கள் தங்கள் நிலையாணைகளும் (நிறுவனத்தின் சொந்தப் பணி விதிகள்) பாடத்தில் உண்டா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டட்டும்.