புதுக் கணினியில் பாதி ரேம் எங்கே போகிறது? ஓராண்டுக்கு மேல் பயன்படுத்திய அனுபவம்

8 ஜிபி ரேம் (ஓடும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்) கொண்ட மடிக்கணினியில், விண்டோஸ் 11 இயங்குதளத்தில், ஓராண்டுக்கு மேலாக வேலை பார்த்துவருகிறேன். எழுத்து வேலை, பெரிய கணக்கு அட்டவணைகள், நாள் முழுக்கத் திறந்திருக்கும் பிரௌசர், அவ்வப்போது வீடியோ அழைப்பு. என் பயன்பாடு இவ்வளவுதான்.

புதிதாகக் கணினி வாங்கும் பலரும் முதலில் திடுக்கிடுவது ஒரே இடத்தில். எந்த மென்பொருளையும் திறந்திருக்க மாட்டார்கள். எது எவ்வளவு எடுக்கிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால் ரேமில் பாதிக்கு மேல் செலவாகியிருக்கும். கீழே பெயர் புரியாத பிராசஸ்கள், அதாவது ஓடும் நிரல்கள், நூற்றுக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். வைரஸ் வந்துவிட்டதோ, குறைபாடுள்ள கணினியைத் தலையில் கட்டிவிட்டார்களோ என்ற கவலை அங்கே தொடங்குகிறது. என் கணினி முதல் நாள் 55 சதவீதத்தை ஒட்டிக் காட்டியது. இன்றும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஆனாலும் சுறுசுறுப்பாக இயங்குகிறது. அந்தச் சதவீதத்தை மட்டும் வைத்துக் கணினியின் நலத்தைக் கணிக்கக் கூடாது என்பதில் எனக்கு இப்போது எந்தச் சந்தேகமும் இல்லை.

முதல் சில நாட்களின் கணக்கை முற்றிலும் தள்ளிவிட வேண்டும். அப்போது விண்டோஸ் அப்டேட்கள் இறங்குகின்றன, வன்பொருளை இயக்கும் டிரைவர்கள் புதுப்பிக்கப்படுகின்றன, தேடல் வசதிக்காகக் கோப்புகள் அட்டவணைப்படுத்தப்படுகின்றன, விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் எல்லாவற்றையும் ஒரு சுற்று சோதிக்கிறது. விசிறி இரைந்தபடியே இருக்கும். சார்ஜரில் போட்டு, அதன் போக்கில் வேலையை முடிக்க விடுவதே நல்லது. அந்த நேரத்தில் எதையாவது பாதியில் நிறுத்தினால், அது பிறகு மறுபடி ஓடத்தான் போகிறது.

உண்மையான நிலவரம் டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில், மெமரி என்ற பக்கத்தில் இருக்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். என் கணினியில் சாதாரண நாளொன்றில் 'இன் யூஸ்' 4.3 ஜிபி, 'அவைலபிள்' 3.4 ஜிபி, 'கேஷ்டு' 3.1 ஜிபி என்று இருக்கும். கூட்டிப் பார்த்தால் 8 ஜிபியைத் தாண்டுகிறதே என்று தோன்றும். கேஷ்டு என்பது மறுபடி கேட்கக்கூடும் என்று வைத்திருப்பது; அதன் பெரும்பகுதி அவைலபிளுக்குள்ளேயே அடங்கியது. அதனால்தான் கணக்கு இடிக்கிறது. மொத்தம் 8 ஜிபிக்குச் சற்றுக் குறைவாகத் தெரிவதற்கும் காரணம் உண்டு: ஒருங்கிணைந்த கிராஃபிக்ஸ் போன்ற வன்பொருளுக்காக ஒரு பங்கு முன்கூட்டியே ஒதுக்கப்படுகிறது.

சமீபத்தில் பயன்படுத்திய கோப்புகளையும் மென்பொருள்களின் பகுதிகளையும் விண்டோஸ் உடனே ரேமிலிருந்து அழித்துவிடுவதில்லை. மறுபடி கேட்டால் வட்டுக்குப் போகாமல் எடுத்துத் தருவதற்காக வைத்திருக்கிறது. வேறு மென்பொருளுக்கு இடம் தேவைப்பட்டால் அந்த நொடியே விட்டுக்கொடுக்கிறது. அடிக்கடி திறப்பவற்றை முன்கூட்டியே ரேமில் ஏற்றிவைக்கும் வேலையையும் பின்னணியில் ஓடும் ஒரு சேவை செய்கிறது. விஸ்டாவில் சூப்பர்ஃபெட்ச் என்று வந்தது. இன்று சிஸ்மெயின் என்று பெயர். விண்டோஸிலேயே உள்ள ரிசோர்ஸ் மானிட்டர் என்ற கருவியில் 'ஃப்ரீ' என்பது சில நூறு எம்பி மட்டுமே காட்டுவதற்கு இவை இரண்டும்தான் காரணம். அதைப் பார்த்துப் பதறத் தேவையில்லை. சும்மா கிடக்கும் ரேமால் எந்தப் பயனும் இல்லை.

இடம் தாராளமாக இருக்கும்போது, ஒவ்வொரு மென்பொருளும் எடுத்துக்கொண்டதை விண்டோஸ் அவ்வளவாகப் பறிப்பதில்லை. நெருக்கடி வந்தால்தான் குறைக்கிறது. ஆகவே அதே வேலையை 16 ஜிபி கணினியில் செய்தால் செலவு இன்னும் கூடுதலாகத் தெரியலாம். விண்டோஸ் 10 முதல், உடனடித் தேவையில்லாத பக்கங்களை, அதாவது ரேமின் சிறு துண்டுகளை, சுருக்கி ரேமிலேயே வைக்கும் முறையும் உண்டு. இன் யூஸுக்கு அருகே அடைப்புக்குறிக்குள் தெரியும் எண் அதுதான்.

ரேம் போதவில்லை என்று எப்போது முடிவெடுப்பது? நான் இரண்டைப் பார்க்கிறேன். ஒன்று, அவைலபிள் எவ்வளவு தூரம் இறங்குகிறது, அங்கேயே எவ்வளவு நேரம் நிற்கிறது. இன்னொன்று, ரிசோர்ஸ் மானிட்டரில் ஹார்ட் ஃபால்ட் என்ற வரைபடம். கேட்ட பக்கம் ரேமில் இல்லாமல் வட்டிலிருந்து எடுக்க நேரும்போதெல்லாம் அது ஏறும். ஒரு மென்பொருளைத் திறக்கும்போது ஏறி இறங்கினால் இயல்பு. இறங்காமலே நின்று, விண்டோ மாற்றுவதற்கே கணினி திணறினால், அது பற்றாக்குறை. மென்பொருள்கள் கேட்டு வாங்கிய மொத்த நினைவகமான கமிட்டட் என்ற எண்ணையும் கவனிக்கலாம்: அதன் வரம்பு, ரேமும் ரேமில் இடம் போதாதவற்றை வைக்க வட்டிலுள்ள பேஜ் ஃபைலும் சேர்ந்த அளவு. அந்த வரம்பை முட்டினால் மென்பொருள்கள் மூடிக்கொள்ளத் தொடங்கும்.

பிராசஸ் பட்டியலில் எஸ்விசிஹோஸ்ட் என்ற பெயர் பல பத்து முறை வருவதைப் பற்றிச் சுருக்கமாக. முன்பு பல சேவைகளை ஒரே பிராசஸில் அடைத்து ஓட்டினார்கள். 2017-இல் வந்த விண்டோஸ் 10 அப்டேட் முதல், 3.5 ஜிபிக்கு மேல் ரேம் உள்ள கணினிகளில் பெரும்பாலான சேவைகள் தனித்தனியாக ஓடுகின்றன. ஒன்று விழுந்தால் மற்றவை விழாது. எது எவ்வளவு எடுக்கிறது என்பதும் தெளிவாகத் தெரியும். நல்ல மாற்றம் என்பேன். பிரௌசரிலும் இதே கதைதான்: குரோம் 2008-இல் வந்தபோதே பிராசஸ்களைப் பிரித்துத்தான் வந்தது, 2018 முதல் வெவ்வேறு தளங்களைப் பாதுகாப்புக்காகவும் தனித்தனி பிராசஸ்களில் வைக்கிறது. ஷிஃப்ட்டும் எஸ்கேப்பும் அழுத்தினால் குரோமுக்கென்றே உள்ள டாஸ்க் மேனேஜர் வரும். என் பிரௌசரில் அதிகம் தின்றது, நான் ஏறத்தாழ மறந்தே போயிருந்த ஒரு எக்ஸ்டென்ஷன். அதை நீக்கியதில் கிடைத்த இடம், டேப்களை மூடி மூடிக் கிடைத்ததைவிட அதிகம்.

இனி, உண்மையிலேயே கோளாறாக இருந்த ஒன்று. மடிக்கணினி நிறுவனம் முன்கூட்டியே பதிந்து தந்த 'உதவி' மென்பொருள் ஒன்று பின்னணியில் ஓடியது. தொடக்கத்தில் சுமார் 60 எம்பி எடுத்துக்கொள்ளும். பட்டியலில் கண்ணில்கூடப் படாது. டாஸ்க் மேனேஜரின் டீடெய்ல்ஸ் பகுதியில், தலைப்பு வரிசையில் வலது கிளிக் செய்து 'கமிட் சைஸ்' என்ற பத்தியைச் சேர்த்துப் பார்த்தபோதுதான் அதன் உண்மையான அளவு தெரிந்தது. காலையில் ஓர் எண், மாலையில் அதைவிடப் பெரிய எண். எந்நாளும் இறங்கவே இல்லை. வாரக் கடைசியில் 900 எம்பியைத் தொட்டிருந்தது. வழக்கமான மெமரி பத்தி ரேமில் அந்த நொடி இருப்பதை மட்டுமே காட்டும். வட்டுக்குத் தள்ளப்பட்டதையும் சுருக்கிவைத்ததையும் அது காட்டாது. கேட்டு வாங்கியதைத் திருப்பித் தராத மென்பொருளைப் பிடிக்க கமிட் சைஸே சரியான அளவுகோல்.

இதில் இன்னொரு முடிச்சும் இருந்தது. தினமும் இரவு கணினியை முறையாக ஷட் டவுன் செய்கிறேன். மறுநாள் காலையில் அந்த எண் முந்தைய இரவு விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. பெர்ஃபார்மன்ஸ் பகுதியின் சிபியு பக்கத்தில் 'அப் டைம்' என்பதைப் பார்த்தால் விஷயம் விளங்கும். ஷட் டவுன் செய்த பிறகும் அது நாட்கணக்கில் நீண்டுகொண்டே போகும். விண்டோஸ் 8 முதல் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி, பயனர் திறந்தவற்றை மூடிவிட்டு, இயங்குதளத்தின் மையமான கர்னலையும் சேவைகளையும் அப்படியே வட்டில் உறையவைக்கிறது. காலையில் அதையே எழுப்புகிறது. உறங்கி எழுந்த சேவை தன் சுமையோடுதான் எழும். முழுமையான புதுத் தொடக்கம் வேண்டுமென்றால் ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும். கணினி மந்தமாக இருக்கிறது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதைத்தான்.

அந்த மென்பொருளை ஸ்டார்ட்அப் பட்டியலில் நிறுத்தினால் போதவில்லை. அதன் முகப்பு மட்டும் நின்றது, சேவை தொடர்ந்து ஓடியது. செட்டிங்ஸ் வழியாக முழுவதுமாக நீக்கினேன். டிரைவர்கள் விண்டோஸ் அப்டேட் மூலம் வழக்கம்போல வருகின்றன; எதுவும் கெடவில்லை. அதே சமயம் டிஃபெண்டரின் பிராசஸ் 200 எம்பி அளவில் எப்போதும் இருக்கிறது. அதை நான் தொடவில்லை, தொடவும் மாட்டேன். அது செய்யும் காவல் வேலைக்கு அந்த விலை நியாயம்.

ஒரே கிளிக்கில் ரேமைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் மென்பொருள்களை யாரும் நிறுவ வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்வேன். அவற்றில் பல, ஓடிக்கொண்டிருக்கும் எல்லாவற்றின் பக்கங்களையும் வலுக்கட்டாயமாக வெளியே தள்ளுகின்றன. எண் சட்டென்று இறங்கும். அடுத்த நிமிடம் தள்ளப்பட்ட பக்கங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வர வேண்டும். அந்த நேரத்தில் கணினி முன்னைவிட மெதுவாகும். போதாததற்கு, சுத்தம் செய்பவரே பின்னணியில் இன்னொரு பிராசஸாக உட்கார்ந்துகொள்கிறார்.

விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி போதும் என்பது அதிகாரபூர்வக் குறைந்தபட்சம். நடைமுறையில் 8 ஜிபிக்குக் கீழே வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் வேலைகளில் ஒரே ஒரு சூழலில்தான் 8 ஜிபி திணறுகிறது: பெரிய அட்டவணையைத் திறந்துவைத்துக்கொண்டு, திரையைப் பகிர்ந்தபடி வீடியோ அழைப்பில் பேசும்போது. அவைலபிள் 400 எம்பிக்கு இறங்கி, ஹார்ட் ஃபால்ட் அடங்காமல் நிற்கிறது. இப்போது அது மாதத்தில் சில நாட்கள் மட்டுமே. அழைப்புகள் அதிகமானால் இன்னோர் 8 ஜிபி சேர்ப்பேன். இந்த மாடலில் பலகையிலேயே பற்றவைத்த ரேம் போக ஒரு ஸ்லாட் காலியாக இருப்பதால் அது முடிகிறது. மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் அந்த வாய்ப்பே கிடையாது. டாஸ்க் மேனேஜர் ஸ்லாட் எண்ணிக்கையைக் காட்டினாலும், பற்றவைத்ததையும் ஸ்லாட்டாகவே எண்ணிவிடக்கூடும். ஆகையால் மாடலின் விவரக்குறிப்பைப் பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.