டூசானில் இரண்டு நாள்: எதை எடுப்பது, எதை விடுவது?

முதலில் பெயர். அமெரிக்காவின் அரிசோனாவில் இருக்கும் Tucson. டக்சன் இல்லை, டூசான். நடுவில் இருக்கும் ‘சி’ வாயே திறக்காது. அந்த ஊரின் அடையாளமான ராட்சதக் கள்ளிக்கும் இதே கதைதான். எழுத்தில் (Saguaro) ‘ஜி’ இருக்கும், சொல்லும்போது சுவாரோ. இரண்டையும் ஒழுங்காகச் சொன்னால் கடைக்காரர் கொஞ்சம் கூடுதலாகச் சிரிப்பார்.

நான் இருப்பது ஃபீனிக்ஸ் பக்கம் சாண்ட்லரில். அங்கிருந்து டூசானுக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகாது. ஊரிலிருந்து யார் வந்தாலும் கிராண்ட் கேன்யனுக்கு அடுத்தபடியாகக் கூட்டிப்போவது அங்கேதான். அப்படிப் போகப் போகத்தான் தெரிந்தது, அந்த ஊரில் எல்லாமே ஜோடி ஜோடியாக இருக்கிறது. ஒரே பூங்கா இரண்டு துண்டாக, இரண்டு மலைப்பயணம், இரண்டு ராணுவ அருங்காட்சியகம், ஹாட் டாக் கடைகூட இரண்டு. இரண்டே நாளில் எல்லா ஜோடியையும் பார்த்துவிடத் துடிப்பவர்கள் வெயிலில் வாடி, எதையும் உருப்படியாகப் பார்க்காமல் திரும்புவார்கள். மணி என்ன, நிழல் உண்டா? இந்த இரண்டு கேள்வியை வைத்துத்தான் நான் பொறுக்குவேன்.

கிழக்கா, மேற்கா?

சுவாரோ தேசியப் பூங்கா ஊருக்குக் கிழக்கே ஒரு துண்டு, மேற்கே ஒரு துண்டு. நடுவில் நகரமே உட்கார்ந்திருப்பதால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஒரு மணி நேரம் போய்விடும். காருக்கு 25 டாலர் கட்டினால் 7 நாளைக்கு இரண்டு பக்கமும் செல்லும். செல்லும் என்பதற்காக ஒரே நாளில் இரண்டையும் பார்க்கக் கிளம்பாதீர்கள்.

முதலில் பாதுகாப்பில் வந்தது கிழக்கு, 1933-ல். அன்று அங்கே இருந்த கிழட்டுக் கள்ளிகளின் கூட்டம்தான் அதற்குக் காரணம். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி பிறகு செத்துப்போனது. இளங்கன்றுகளும் வரவில்லை. சுவாரோ விதை வெட்டவெளியில் பிழைக்காது. பாலோ வெர்டே, மெஸ்கீட் போன்ற ஒரு ‘தாதி மரத்தின்’ நிழலில்தான் தலையெடுக்கும். சுண்ணாம்புக் காளவாய்களுக்கு அந்த மரங்களை வெட்டினார்கள், மிச்சத்தை மாடுகள் மிதித்தன. அதெல்லாம் நின்ற பிறகுதான் புதுக் கன்றுகள் வரத் தொடங்கின. முதல் எட்டு வருடத்தில் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் வளர்கிற செடி அது. கை முளைக்கவே ஐம்பது, எழுபது வருடம் பிடிக்கும். கிழக்குப் பக்கம் காடு கொஞ்சம் கலைந்து தெரிவதற்கு இதுதான் காரணம்.

மேற்கு 1961-ல் சேர்ந்தது. அடர்த்தி இங்கேதான். முதல் முறை கூட்டிப்போனபோது அப்பா கார் கண்ணாடியை இறக்கி, “இது மரமாப்பா, தூணா?” என்று கேட்டார். மலைச்சரிவு முழுக்க ஆளுயரத்துக்கு ஏழெட்டு மடங்காகத் தூண் தூணாக நிற்கிறது. ஒவ்வொன்றிலும் மரங்கொத்தி குடைந்த பொந்து. சிக்னல் ஹில் என்ற சின்னக் கரட்டில் ஏறினால், பழங்காலத்தில் இங்கே வாழ்ந்த ஹோஹோகம் மக்கள் பாறையில் கொத்திய சுருள் கோலத்தைக் கையெட்டும் தூரத்தில் பார்க்கலாம். (கையை வைக்கக் கூடாது.)

சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும், காரைவிட்டு இறங்க முடியாத பெரியவர்களுக்கும் கிழக்கு நல்லது. 8 மைல் சுற்றுப்பாதை முழுக்கத் தார் ரோடு. மேற்கே சுற்றுப்பாதை மண்பாதைதான், தாழ்வான கார் என்றால் கொஞ்சம் உலுக்கும். இருந்தாலும் முதல் முறை போகிறவர்களுக்கு நான் யோசிக்காமல் மேற்கைத்தான் சொல்வேன். போகிற வழியில் கேட்ஸ் பாஸ் கணவாய் இருக்கிறது. சூரியன் இறங்கும் நேரத்துக்கு அங்கே நின்றால் கள்ளிகள் கறுத்து, வானம் மட்டும் சிவந்து நிற்கும். அந்த நேரத்தில் அங்கே வண்டி நிறுத்த இடம் கிடைப்பதுதான் சிரமம்.

மேற்கைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணம், சில நிமிட தூரத்தில் இருக்கும் அரிசோனா-சோனோரா பாலைவன அருங்காட்சியகம். அருங்காட்சியகம் என்று பெயர்தானே தவிர, முக்கால்வாசிக்கு மேல் திறந்தவெளி: உயிரியல் பூங்கா, தாவரப் பூங்கா எல்லாம் கலந்தது. 1952-ல் தொடங்கியது. தேன்சிட்டு அளவுகூட இல்லாத ஹம்மிங்பறவைகள் காதோரம் ரீங்கரித்துக்கொண்டு போகும் கூண்டு ஒன்று உண்டு. அக்டோபர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை பருந்துகளைத் திறந்தவெளியில் பறக்கவிட்டுக் காட்டுகிறார்கள். தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் போவதால் கேமராவைத் தூக்கிப் பிடிக்காதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். குழந்தைகள் இருந்தால் பூங்காவைக் குறைத்துக்கொண்டு இங்கே நேரத்தைக் கொடுங்கள். கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விட வேண்டும். பதினொரு மணிக்கு மேல் விலங்குகள் எல்லாம் நிழலில் சுருண்டுவிடும், நாமும்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சோய்யா என்று ஒரு கள்ளி இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் கரடி பொம்மை மாதிரி புசுபுசுவென்று இருக்கும். உரசினால் போதும், ஒரு துண்டு கழன்று ஒட்டிக்கொள்ளும். அது தாவிக் கடிக்கும் என்றே இங்கே சொல்வார்கள். அப்பாவின் செருப்பில் ஒன்று ஏறியது. கையால் எடுக்கப்போனார், அது விரலுக்கு மாறியது. சீப்பின் பல்லை உள்ளே விட்டு நெம்பி எறிவதுதான் வழி. அன்றிலிருந்து என் காரில் தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சீப்பு கிடக்கிறது.

லெமன் மலையா, சபினோ பள்ளத்தாக்கா?

மே முதல் செப்டம்பர் வரை என்றால் இது கேள்வியே இல்லை. லெமன் மலை. 9,157 அடி உயரம். அடிவாரத்தில் சுவாரோ, நடுவில் ஓக், உச்சியில் பைன், ஃபர் என்று ஒரு மணி நேரத்தில் தாவரங்கள் மாறிக்கொண்டே வரும். அடிவாரத்துக்கும் உச்சிக்கும் 15 டிகிரி செல்சியஸ்வரை வித்தியாசம் இருக்கும். மலையின் பெயருக்கும் எலுமிச்சைக்கும் சம்பந்தமில்லை. 1881-ல் ஏறிய தாவரவியலாளர் சாரா பிளம்மர் லெமனின் பெயர் அது. ஜூலை, ஆகஸ்டில் மட்டும் மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள். மழைக்காலத்து இடி பிற்பகலில்தான் வரும், உச்சியில் அது விளையாட்டல்ல.

மலைச் சாலையைப் போட்டவர்கள் பெரும்பாலும் சிறைக்கைதிகள். 1933-ல் தொடங்கி 1950-ல்தான் முடிந்தது. இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானிய வம்சாவளியினருக்கு எதிரான உத்தரவுகளுக்குப் பணிய மறுத்த கார்டன் ஹிராபயாஷி என்ற மாணவரும் அந்தக் கைதிகளின் முகாமில் தண்டனை அனுபவித்தார். சிறைக்குக் கூட்டிப்போக அரசு செலவழிக்காததால், வழியில் வண்டிகளில் லிஃப்ட் கேட்டே வந்து சேர்ந்தாராம்! 1987-ல் அவருடைய தண்டனை ரத்தானது. முகாம் இருந்த இடத்துக்கு இப்போது அவர் பெயர். போகிற வழியில் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள்.

சபினோவில் ஓடுவது அதே லெமன் மலைத் தண்ணீர்தான். சொந்தக் கார் உள்ளே போகாது. மின்சார டிராம் வண்டி 3.7 மைல் ஏற்றிக்கொண்டு போகும், நினைத்த இடத்தில் இறங்கி நடந்து திரும்பலாம். பனி உருகும் பிப்ரவரி, மார்ச்சில் கல் பாலங்களின் மேலேயே தண்ணீர் ஓடும். மே, ஜூனில் வெறும் பாறை.

விமானமா, ஏவுகணையா?

பீமா விமான அருங்காட்சியகத்தில் நானூறுக்கும் மேற்பட்ட விமானங்கள். எஸ்ஆர்-71 பிளாக்பேர்ட் என்ற உளவு விமானத்தின் மூக்குக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்க்கலாம். பக்கத்திலேயே ராணுவம் ஓய்வுகொடுத்த ஆயிரக்கணக்கான விமானங்கள் வரிசையாக நிற்கும் ‘எலும்புக்கூடு மைதானம்’. காற்றில் ஈரம் இல்லை, துரு பிடிக்காது. மண் கெட்டி, கான்கிரீட் போடாமலே விமானத்தை நிறுத்தலாம். அதனால்தான் இந்த ஊர். விமானப் பைத்தியங்களுக்கு ஒரு நாள் முழுக்கப் போதாது. மற்றவர்களுக்கு ஐம்பதாவது விமானத்தில் கால் வலிக்கும்.

என் ஓட்டு டைட்டன் ஏவுகணை அருங்காட்சியகத்துக்கு. ஊருக்குத் தெற்கே அரை மணி நேரம். (அந்த ஐ-19 நெடுஞ்சாலையில் தூரப் பலகைகள் கிலோமீட்டரில் இருக்கும். அமெரிக்காவில் அதுவே ஓர் அதிசயம்.) பனிப்போர்க் காலத்தில் டூசானைச் சுற்றி அணு ஏவுகணைகளை நிறுத்திவைத்த 18 நிலத்தடிக் குழிகள் இருந்தன, மிஞ்சியது இது ஒன்றுதான். 55 படி இறங்கினால் கட்டுப்பாட்டு அறை. வெளியே என்ன வெயில் அடித்தாலும் உள்ளே சில்லென்று இருக்கும். எனவே மதிய நேரத்துக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

103 அடி ஏவுகணை, அதன் தலையில் 9 மெகாடன் அணுகுண்டு. ஹிரோஷிமாவில் போட்டதைப் போல சுமார் 600 மடங்கு. கட்டளை வந்து சாவியைத் திருப்பினால் 58 வினாடியில் கிளம்பிவிடும். இரண்டு சாவிகள், ஒரே ஆள் இரண்டையும் எட்ட முடியாத தூரத்தில். மேசையில் இலக்குக்கென்று மூன்று பொத்தான்கள் இருக்கின்றன: 1, 2, 3. எந்த எண் எந்த ஊர் என்று அங்கே வேலை பார்த்தவர்களுக்கே சொல்லப்படவில்லை. வழிகாட்டி பார்வையாளர் ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்துச் சாவியைத் திருப்பச் சொல்வார். அன்று உட்கார்ந்தது என் அக்கா மகன். மணி அலறியதும் அறையில் ஒருவரும் பேசவில்லை. முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள்.

திரும்பும் வழியில் அதே சாலையோரம் சான் சேவியர் தேவாலயம் வரும். இதற்கு ஜோடி கிடையாது. 1783-ல் தொடங்கி 1797-ல் முடித்த வெள்ளைக் கட்டடம், தொஹோனோ ஓதம் பழங்குடி மக்களின் நிலத்தில் நிற்கிறது. ஒரு கோபுரத்துக்கு மட்டும் இன்றுவரை குவிமாடம் இல்லை. சான் சேவியர் யார் என்று கேட்கிறீர்களா? நம்ம முத்துக்குளித்துறையில் பரதவர் ஊர்களில் சுற்றிய அதே சவேரியார்தான். உள்ளே அவர் படுத்த நிலையில் ஒரு சிலை உண்டு. பக்தர்கள் வரிசையில் வந்து தலையை மெல்லத் தூக்கிப் பார்க்கிறார்கள். போர்வையில் குழந்தைகளின் புகைப்படம், ஆஸ்பத்திரிக் கைப்பட்டை என்று என்னென்னவோ குத்தியிருக்கும். தூத்துக்குடிக்காரரான என் மாமியார், “கோவாவில படுத்திருக்கிற மாதிரியே இருக்காரே” என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். முற்றத்தில் பழங்குடிப் பெண்கள் எண்ணெயில் பொரித்துத் தரும் ஃப்ரை பிரெட் சோளா பூரிக்கு அக்கா மாதிரி. தேன் ஊற்றியது சைவர்களுக்குப் பத்திரம். பீன்ஸ் வைத்தது என்றால் பன்றிக் கொழுப்பு சேர்த்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசி ஜோடி, சோனோரா ஹாட் டாக். பன்றி இறைச்சிக் கீற்றைச் சுற்றி வாட்டி, மெத்தென்ற பன்னுக்குள் பீன்ஸ், தக்காளி, வெங்காயத்தோடு வரும். 12-ஆம் அவென்யூவில் எல் குவேரோ கனேலோவும் பிகே-வும் காலங்காலமாகப் போட்டி. 2018-ல் அமெரிக்காவின் பெரிய உணவு விருதான ஜேம்ஸ் பியர்டு விருதை வாங்கியது முதல் கடை. உள்ளூர்க்காரர்களில் பாதிப்பேர் இரண்டாவதுதான் ஒஸ்தி என்பார்கள். நான் சைவம், தீர்ப்பு சொல்லும் தகுதி இல்லை. அக்கா மகன் ஒரே சாயங்காலம் இரண்டிலும் சாப்பிட்டான். எது நன்றாக இருந்தது என்று கேட்டேன். “இன்னொண்ணு சாப்பிட்டாத்தான் மாமா சொல்ல முடியும்” என்றான்.