மலை மேல் இருக்கும் கம்ப்யூட்டருக்கு பாஷா, பைத்தானா?

சர்வரில் தினமும் ஓட வேண்டிய சில்லறை வேலைகளை பாஷில் (லினக்ஸ் கட்டளைகளை வரிசையாக ஓடவிடும் மொழி) எழுதுவதா, பைத்தான் என்ற நிரல் மொழியில் எழுதுவதா? புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் எல்லோரும் இதைக் கேட்டுவிடுகிறார்கள். கல்லூரியில் பைத்தான் படித்துவிட்டு வருவதால் பதிலையும் கையோடு கொண்டுவந்திருப்பார்கள். நான் இரண்டிலும் எழுதியிருக்கிறேன், இரண்டிலும் அடி வாங்கியிருக்கிறேன். இப்போது பாஷ் பக்கம்தான் சாய்கிறேன். அப்படிச் சாய வைத்தது ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகள்.

விவரம் இதுதான். நான் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் வியாபாரத்துக்கு அலுவலகம் செவ்வாய்ப்பேட்டையில், காபியும் மிளகும் விளையும் எஸ்டேட் ஏற்காட்டில். எஸ்டேட் ஆபீசில் ஒரு பழைய டெஸ்க்டாப், அதில் டெபியன் என்ற லினக்ஸ். பகலில் போட்ட எடைக் கணக்கை இரவில் ஆர்சிங்க் என்ற கோப்பு நகலெடுக்கும் கருவி மூலம் சேலத்துக்கு அனுப்புவது, டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பது, யூபிஎஸ் நிலவரம், இணைப்பு நின்றுபோனால் மோடத்தை ரீஸ்டார்ட் செய்வது என்று மொத்தம் ஒன்பது ஸ்கிரிப்ட் (தானாக ஓடும் சிறு நிரல்கள்). ஏழு பாஷ், இரண்டு பைத்தான்.

எல்லோருக்கும் தெரிந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். நாலு கட்டளைகளைக் கோத்து ஓடவிட பாஷ் வசதி. தசமக் கணக்கு, எக்செல் கோப்பு, ஜேசன் வடிவத் தரவு என்று வந்துவிட்டால் பைத்தான். பாஷுக்குத் தசமமே தெரியாது. படிக்கவும் பைத்தான்தான் சுலபம். பெர்ல் என்று இன்னொரு மொழி இருந்தது, இருக்கிறது. அதை எடுத்தால் எனக்குப் பிறகு யார் பார்ப்பது?

தமிழ் எழுத்து விஷயத்திலும் பைத்தானுக்கே என் ஓட்டு. ‘சேலம்’ நம் கணக்கில் மூன்று எழுத்து. பைத்தான் 3 அதை 5 என்று எண்ணும், ஏகாரக் கொம்பையும் புள்ளியையும் தனித்தனியாகச் சேர்த்து. லொக்கேல், அதாவது மெஷினின் மொழி அமைப்பு, C-யாக இருந்தால் பாஷ் 15 என்று சொல்லும், அது எண்ணுவது பைட்டுகளை. இரண்டுமே தப்புதான், ஆனால் 5-ஐ வைத்து ஏதாவது செய்யலாம்.

சரி, பராமரிப்புக்கு வருகிறேன். எனக்கு இதுதான் கதையே.

2025 ஆகஸ்டில் டெபியன் 13 வந்தது. சில வாரம் பொறுத்து, ஒரு சனிக்கிழமை சேலத்தில் இருந்தபடியே எஸ்டேட் மெஷினை 12-இலிருந்து 13-க்கு ஏற்றினேன். ரீபூட் ஆனது, திரும்ப உள்ளே போனேன், எல்லாம் நலம் என்று படுத்துவிட்டேன். திங்கள் காலை எஸ்டேட் ரைட்டர் போன் செய்தார்: “தம்பி, நெட்டு ராத்திரியே போயிருச்சுங்க. வழக்கமா அதுவே வந்துருமே, இன்னும் வரலைங்க.”

அதுவே வந்துவிடும் என்று அவர் சொன்னது என் பைத்தான் ஸ்கிரிப்டை. அந்த மோடத்துக்கு டெல்நெட் என்ற பழைய தொலை இணைப்பு முறை மட்டும்தான் தெரியும். டெல்நெட்லிப் என்ற பைத்தான் நூலகத்தை (ஆயத்த நிரல் தொகுப்பு) வைத்து உள்ளே போய் ரீஸ்டார்ட் செய்யும்படி எழுதியிருந்தேன். டெபியன் 13-இல் இருப்பது பைத்தான் 3.13. அந்தப் பதிப்பில் டெல்நெட்லிப்பையே தூக்கிவிட்டார்கள். இணைப்பை எழுப்ப வேண்டிய ஸ்கிரிப்ட் செத்துக் கிடக்க, அதைச் சரிசெய்ய எனக்கு இணைப்பு வேண்டும். வண்டியை எடுத்தேன். 20 வளைவும் மழையில்.

முன்பே சொல்லவில்லை என்று பைத்தான்காரர்களைக் குறை கூற முடியாது. 3.11-லேயே எச்சரிக்கை போட்டிருந்தார்கள். ஸ்கிரிப்டுகளை நேரத்துக்கு ஓடவிடும் கிரான் அதைப் பத்திரமாக அந்த மெஷினின் உள்மெயிலில் சேர்த்து வைத்திருந்தது. நான் பிரித்தே பார்க்கவில்லை.

மேலே போனால் இரண்டாவது ஸ்கிரிப்டும் படுத்திருந்தது. எடைக் கணக்கை எக்செலாக மாற்றுவது அதன் வேலை. தேவையான நூலகத்தை வெர்ச்சுவல் என்விரான்மென்ட் என்ற தனி அடைவில், பைத்தான் நூலகங்களை நிறுவும் பிப் வழியாகப் போட்டிருந்தேன். டெபியன் 12 முதல் சிஸ்டம் பைத்தானுக்குள் பிப் நேராக எதையும் போட விடுவதில்லை, அதனால் அந்த வழி. ஆனால் அதற்குள் நூலகங்கள் இருப்பது 3.11 என்று பெயர் போட்ட அடைவில். மெஷின் 3.13-க்குப் போனதும் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்காது. திரும்பக் கட்ட வேண்டும். மலைமேல் இருக்கும் மெதுவான லைனில் அந்த டவுன்லோடுக்காகக் காத்திருந்ததில் இரண்டு காபி ஆனது. (எஸ்டேட் காபி, அதில் குறையில்லை.)

அந்த ஏழு பாஷ் ஸ்கிரிப்டும் ஒன்றும் நடக்காதது போல ஓடிக்கொண்டிருந்தன. அதில் ஒன்று 2012-இல் எழுதியது. அதற்கு அடுத்த வருடம் பைத்தான் 2-இல் எழுதிய ஒன்றை, 2020 ஜனவரி 1-உடன் அதற்கான ஆதரவு முடிந்ததால், ஏற்கெனவே ஒருமுறை 3-க்கு மாற்றியாகிவிட்டது. செத்துப்போன அந்த மோடம் ஸ்கிரிப்டேதான் அது.

பாஷ் உத்தமன் என்று நினைத்துவிட வேண்டாம். ஒருமுறை ரைட்டர் கோப்புக்கு ‘நவம்பர் எடை’ என்று இடைவெளி விட்டுப் பெயர் வைத்தார். கோப்பின் பெயரை வைத்திருந்த மாறியைச் சுற்றி நான் இரட்டை மேற்கோள் போடாததால் பாஷ் அதை இரண்டு கோப்பாக நினைத்தது, இரண்டையும் காணோம் என்று நகர்ந்துவிட்டது. மூன்று வாரம் அந்தக் கோப்பு பேக்கப்பில் இல்லை. பைத்தானாக இருந்தால் இந்தத் தப்பு வந்திருக்காது. அப்புறம்தான் பாஷ் ஸ்கிரிப்டில் தப்பு தேடும் ஷெல்செக் பழக்கம் வந்தது. மேற்கோள் இல்லாத மாறியைப் பார்த்தால் அது விடாது. இன்னொரு சமயம் டிஸ்க் மாற்றி டெபியன் 9-ஐப் புதிதாக நிறுவியபோது நெட்வொர்க் விவரம் காட்டும் இஃப்கான்ஃபிக் கட்டளையைக் காணவில்லை. ஐபி கட்டளைக்கு மாற வேண்டியிருந்தது. ஆனால் அது சேலத்தில் உட்கார்ந்தபடி பத்து நிமிடத்தில் முடிந்த வேலை.

நூறு சர்வர் வைத்திருப்பவர் இதைப் படித்தால் சிரிக்கலாம். பல மெஷின்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அன்சிபிள் மாதிரியான கருவிகளை நான் ஐந்து மெஷினுக்கு மேல் ஓட்டியதில்லை, அதனால் அந்த அளவில் எது சரி என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. அன்சிபிளுக்கும் மறுமுனையில் பைத்தான் வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

இப்போதைய ஏற்பாடு: மோடம் வேலையை எக்ஸ்பெக்டில் எழுதி பாஷிலிருந்து கூப்பிடுகிறேன். 1990-இல் டான் லைப்ஸ் எழுதிய, மனிதர் தட்டுவதுபோல் தானே பதில் தட்டும் கருவி. பதினைந்து வரியில் முடிந்தது. எக்செல் ஸ்கிரிப்டைச் சேலத்துக்கே இறக்கிவிட்டேன், மலை வெறும் டெக்ஸ்ட் கோப்பை மட்டும் அனுப்பும். சேலத்திலும் பிப் கிடையாது, டெபியனின் சொந்த நிறுவியான ஏபிடியில் கிடைக்கும் ஓபன்பைஎக்செல் என்ற எக்செல் நூலகம் போதும், மெஷினை ஏற்றும்போது அதுவும் கூடவே ஏறிவிடும். கிரான் மெயில் நேராக என் போனுக்கு வருகிறது. இதுவரை வந்ததில் முக்கால்வாசி யூபிஎஸ் பேட்டரி பற்றித்தான்.