கிளிப்பை மாற்றி மாட்டினாலும் பயமில்லை: மாஸ்ஃபெட்டுடன் நான்கு வருடம்

எங்கள் வீட்டில் கரண்ட் போனால் 12 வோல்ட், 7 ஏஎச் பேட்டரி ஒன்றுதான் கதி. எல்இடி ஸ்ட்ரிப், வைஃபை ரூட்டர் இரண்டும் அதில்தான் ஓடும். ஒருநாள் இருட்டில் பிளஸ், மைனஸ் கிளிப்பை மாற்றி மாட்டியதில் ரூட்டர் செத்தது.

முதலில் கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடு ஒன்றை, 1என்5822 ஷாட்கி வகை, சீரீஸில் போட்டேன். பாதுகாப்பில் குறையில்லை. ஆனால் 3 ஆம்பியரில் அரை வோல்ட்டை அதுவே தின்றுவிடும். அரை வோல்ட்தானே என்று தோன்றும். ஸ்ட்ரிப்பில் மூன்று எல்இடியும் கரண்டை அளவோடு விடும் ஒரு ரெசிஸ்டரும் வரிசையாக இருக்கும். எல்இடிக்கே 9 வோல்ட் போய்விடுகிறது; பேட்டரி 11க்கு இறங்கும்போது ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது 2 வோல்ட். அதில் அரை போனால் வெளிச்சத்தில் கால்பங்கு காலி.

அப்புறம்தான் ஐஆர்எஃப்4905, பி-சேனல் மாஸ்ஃபெட். டிரெயின், சோர்ஸ், கேட் என்று மூன்று கால் உள்ள எலெக்ட்ரானிக் சுவிட்ச் இது; கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையிலான வோல்ட்டேஜ்தான் இதைத் திறக்கும். பேட்டரி பிளஸ் டிரெயினுக்கு, லோடு சோர்ஸில், கேட்டிலிருந்து 10 கிலோஓம் வழியாக மைனஸுக்கு. பார்த்தால் தலைகீழாக மாட்டியதுபோலத் தெரியும், ஆனால் அதுதான் சரி. வழக்கம்போல சோர்ஸைப் பேட்டரிப் பக்கம் வைத்தால், கிளிப் மாறும்போது உள்ளே இருக்கும் பாடி டையோடு வழிவிட்டுவிடும். நானும் முதலில் அப்படித்தான் சால்டர் வைத்தேன். நல்லவேளை, பல்பு வைத்துச் சோதித்ததில் தெரிந்தது. இப்போது அதே 3 ஆம்பியரில் மீட்டர் காட்டுவது 60, 70 மில்லிவோல்ட். ஹீட்சிங்க் வேண்டாம்.

முதல் மாஸ்ஃபெட் ஒரு வருடம்தான் வந்தது. விளக்கு எரிந்தது, ஆனால் தொட்டால் விரல் சுட்டது. டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் நடுவே 0.8 வோல்ட். கேட் போய், பாடி டையோடு மட்டும் சுமந்துகொண்டிருந்தது. கேட்-சோர்ஸ் தாங்கும் எல்லை 20 வோல்ட். நான் அவசரத்துக்குச் சோலார் பேனலை நேராக மாட்டியிருந்தேன், லோடு இல்லாதபோது அது 21ஐத் தாண்டும். அதுதான் காரணமாக இருக்கும். புதியதற்கு, வோல்ட்டேஜ் எல்லை மீறாமல் பிடித்துவைக்கும் 12 வோல்ட் ஜீனர் டையோடு ஒன்றைக் கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே சேர்த்தேன், பட்டைப் பக்கம் சோர்ஸுக்கு. மூன்று வருடமாகத் தொந்தரவில்லை. இதற்குள் கிளிப் இரண்டுமுறை மாறியது, விளக்கு எரியவில்லை, அவ்வளவுதான்.

ஒரே குறை: லோடு பக்கத்திலிருந்து பேட்டரிக்குத் திரும்பும் கரண்டை டையோடு அடைக்கும், இது அடைக்காது. லோடு பக்கம் சார்ஜர் இருக்கும்போது பேட்டரியை மாற்றி மாட்டினால், சார்ஜர் வோல்ட்டேஜே மாஸ்ஃபெட்டைத் திறந்து வைத்திருக்கும், பாதுகாப்பே இல்லை. அதனால் சார்ஜரை ஃப்யூஸ் போட்டு நேராகப் பேட்டரி முனைக்கே கொண்டுபோய்விட்டேன்.